இரண்டு நிமிட வீடியோவும் ஒரு வாப்பாவின் தயக்கமும்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அண்மையில் வாப்பாவுடன் வீட்டுக்கு வந்தாள். வெளிநாட்டுக் கல்லூரியொன்று விண்ணப்பத்தோடு தன்னை அறிமுகப்படுத்தும் இரண்டு நிமிட வீடியோவுக்கான லிங்க் கேட்டிருக்கிறது. "பிள்ளைட முகத்த யூடியூப்ல போட்டா ஊரே பார்க்குமே சேர்" என்பது வாப்பாவின் கவலை. அது நியாயமான கவலைதான்.

எமது அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இசட் புள்ளியே தீர்மானிக்கிறது. வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010இலேயே, விரும்புவோர் ஒரு நிமிட வீடியோ அனுப்பலாம் என்றது. பலர் அதை யூடியூபில் பகிரங்கமாகவே ஏற்றினார்கள், சம்பந்தமில்லாதவர்களும் பார்த்தார்கள். 2014இல் கௌச்சர் கல்லூரி பாடசாலைப் பெறுபேற்றுப் பட்டியலுக்குப் பதிலாக வீடியோவை ஏற்கும் வழியொன்றை அறிவித்தது. 2021இல் டிக்டொக் வேலை விண்ணப்பங்களுக்கும் இதைப் பரீட்சித்துப் பார்த்தது.

வாப்பாவுக்கு நான் யூடியூபின் மூன்று தெரிவுகளைக் காட்டினேன். 'பப்ளிக்' என்றால் எவரும் தேடிப் பார்க்கலாம். 'பிரைவேட்' என்றால் நாம் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைத்தவர் மட்டுமே பார்க்கலாம். வெறும் லிங்கை அனுப்பினால் கல்லூரி அதிகாரிக்குத் திறக்காது. இந்தத் தவறைச் செய்துவிட்டு பதில் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. 'அன்லிஸ்டட்' என்றால் தேடலில் வராது, லிங்க் உள்ளவர் பார்க்கலாம். ஆனால் அந்த லிங்கை யாரும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முடிவு வந்ததும் வீடியோவை அழித்துவிடலாம். கல்லூரியின் சொந்தத் தளத்திலேயே ஏற்ற வழியிருந்தால் அதுவே மேல். வீடியோ கட்டாயமில்லை என்றால் அனுப்பாமலும் விடலாம். கட்டாயம் என்றால், எழுத்தில் தரலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதில் வெட்கமில்லை.

அவள் அனுப்பவே விரும்பினாள். வீட்டில் எடுத்த முதல் வீடியோவைக் காட்டினாள். மீலாத் பேச்சுப் போட்டி மேடையில் நிற்பது போல, மனப்பாடம் செய்த ஆங்கிலம்! எமது பாடசாலைகள் பழக்கிய பழக்கம். என்மீதும் பழி உண்டு. "வாப்பாட கடைக் கடன் கொப்பிய நீதானே பார்க்கிறாய், அதைச் சொல்லு" என்றேன். கண்கள் மலர்ந்துவிட்டன. யார் எப்போது தருவார், யாரிடம் கேட்கவே கூடாது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். பெயர்களைச் சொல்லாதே என்றேன். சுவரில் தொங்கிய குடும்பப் படத்தைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரச் சொன்னேன்.

மறுநாள் வாப்பாவே போனைப் பிடித்தாராம். முதல் தடவை அவரது விரல் கெமராவை மறைத்துவிட்டதாம்.