ஏரியை எங்கே தோண்டுவது?

உத்திரமேரூர் என்றாலே பள்ளிப் பாடத்தில் படித்த குடவோலைதான் நினைவுக்கு வரும். ஓலையில் பெயர் வந்தவர்கள் அப்புறம் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அதையும் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது. இன்றைய தூர்வாரும் ஒப்பந்தங்களுக்கு இந்த விதியை வைத்தால் எத்தனை பேர் தேறுவார்களோ!

வாரியத்தார் கண்காணித்தது, பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கிய வைரமேக தடாகம். எந்த ஏரிக்கும் தண்ணீரோடு மண்ணும் வந்து சேரும். ஆனால் எல்லா மண்ணும் ஓரிடத்தில் படிவதில்லை. அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் ஐம்பதில் ஒரு பங்கு பருமனுள்ள களித்துகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும். அதனால் வரத்துக்கால் வாயிலேயே மணல் தங்கிவிடும். களி மெல்ல நகர்ந்து கரையோரம், மதகுப் பக்கம் போய்ப் படியும்.

பொக்லைன் இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். கரைமேல் வண்டி நிற்கும், லோடு ஏற்றுவது சுலபம். லோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிக்கல் மதகின் அடிமட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாகத் தானாக வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், மீன் வளரும், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆயக்கட்டுக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. கரையடியில் படிந்த களி, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சும்கூட. அதை வழித்தெடுத்துப் பள்ளம் பறித்தால் கரைக்கும் ஆபத்து.

ஆகவே மதகின் அடிமட்டத்தை முதலில் அளந்து முளை அடித்துவிட வேண்டும். கரையை ஒட்டி ஓர் அகலத்தைத் தொடாமல் விட்டு, உள்வாயின் மேட்டுப் பகுதியில் அந்த மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணை எடுப்பது நல்லது. அங்கே எடுக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் பாசனத்துக்கு உதவும் கொள்ளளவு.

எடுத்த வண்டல் மணற்பாங்கான கொல்லைக்குப் போனால் இன்னொரு லாபம் உண்டு. களித்துகள்களின் பரப்பு அதிகம். ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் ஏரி வண்டல் அடிப்பது நம் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். மணலாகவே வருகிற லோடு வயலுக்கு உதவாது. கொட்டுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: களி திரியாக நீளும், மணல் உதிர்ந்துபோகும்.