தைராய்டு வைத்தியம் முடிந்ததா? மாத்திரையை விடாதீர்கள்!



அதிகமாகச் சுரந்த தைராய்டுக்கு, சென்னையில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் ஆபரேஷனோ கதிர் அயோடின் வைத்தியமோ செய்துகொண்டு ஊர் திரும்பியிருப்பீர்கள். படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் போச்சு. "அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை?" என்று தோன்றும்.

வைத்தியத்துக்குப் பின் பலருக்குச் சுரப்பி தேவையான அளவுகூடச் சுரப்பதில்லை. அந்தக் குறையை நிரப்புவதே தைராக்சின் மாத்திரை. நிறுத்தினால் அசதி, உடல் பருமன், மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு வரலாம். கணவன்மார்களே! மனைவி சோர்ந்து படுத்தால் "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை சாப்பிடுங்கள். காபி, இட்லி எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

2. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். சேர்த்துச் சாப்பிட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது.

3. மாத்திரை அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

4. கதிர் அயோடின் எடுத்தவர் கணவனோ மனைவியோ, குறைந்தது 6 மாதம் குழந்தையைத் தள்ளிப் போடுங்கள். அதுவரை நிரோத் போன்ற தடுப்பு முறை கைக்கொள்ளுங்கள்.

5. நாள் தள்ளிப்போனதும் டாக்டரிடம் போங்கள். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும். கர்ப்பம் என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்க்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை.

மாத்திரை சிறிது, குடும்ப நலம் பெரிது!