அலிபிரியைத் தாண்டாத மக்ரூன்

தென் மாவட்டங்களிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பும் குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலத்தை மறப்பதில்லை. பை கட்டப்பட்டது தூத்துக்குடியில் என்றால் இன்னொரு டப்பாவும் இருக்கக்கூடும்: மக்ரூன். ரயில் காட்பாடியைக் கடந்து சித்தூரை நெருங்குவதற்குள் டப்பா ஒரு சுற்று வந்துவிடும். முதன்முறையாகச் சாப்பிடுபவர் சற்றே திகைப்பார். கூம்பு வடிவம், வெள்ளை வெளேர் நிறம்; பல் பட்டதும் நொறுங்கி, நாக்கில் கரைந்து, முந்திரி ருசியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. பால் இனிப்பா, சர்க்கரை மிட்டாயா? இரண்டும் இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியிருப்பது முட்டை.

வெள்ளைக்கரு, சர்க்கரை, பொடித்த முந்திரி. சரக்கு இவ்வளவுதான், வித்தை அடிப்பதில் இருக்கிறது. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். அடிக்க அடிக்கப் புரத இழைகள் பிரிந்து காற்றைச் சிறைபிடித்து நுரையாகின்றன; சர்க்கரை அந்த நுரையைக் கலையாமல் பிடித்து நிறுத்துகிறது. மஞ்சள்கரு கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுத்துவிடும். முந்திரிப் பொடியை நோகாமல் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்து, தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிகிறார்கள். பிறகு இளஞ்சூட்டில் பல மணி நேரம். வேகுவதை விட உலர்வதுதான் முக்கியம். அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழில் அல்ல.

பிரான்சில் இந்த நுரைக்குப் பெயர் மெரிங். அதில் பாதாம் பொடி சேர்ந்தால் மக்கரோன். பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் மூடப்பட்ட பிறகு, நான்சி நகரத்துக் கன்னியாஸ்திரிகள் இருவர் மக்கரோன் விற்று வயிறு வளர்த்ததாக அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தூத்துக்குடிக்கு முதலில் வந்த ஐரோப்பியர் 16-ம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர். 1658-ல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனது, பிறகு ஆங்கிலேயர். மக்ரூனைப் போர்ச்சுகீசியர் கணக்கில் எழுதுவதுதான் ஊர் வழக்கம். ஆனால் ‘மக்ரூன்’ என்ற உச்சரிப்பு ஆங்கிலம் வழியாக வந்தது. பாதாம் இருந்த இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்ததுதான் நம்மூர்க் கைவண்ணம். அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததே.

ரயில் பாகாலா வழியாகத் திருப்பதி சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. திருமலையில் மது, புகையிலை, இறைச்சியோடு முட்டைக்கும் அனுமதி இல்லை. மலையேறும் வண்டிகளும் பைகளும் அலிபிரியில் சோதிக்கப்படுகின்றன. 2025 ஜனவரியில் தமிழகப் பக்தர்கள் சிலர் மலைமேல் முட்டை கலந்த சோறு சாப்பிட்டுப் பிடிபட்டார்கள். விதி தெரியாது என்று சொன்னவர்களைப் போலீசார் எச்சரித்து அனுப்பினார்கள். சோற்றில் முட்டை கண்ணுக்குத் தெரியும். மக்ரூனில் தெரியாது, மணமும் காட்டிக்கொடுக்காது. முட்டை தொடாத பெரியவர்கள்கூட முந்திரி இனிப்பு என்று நம்பி வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு.

உணவு லேபிள் விதிகளின்படி முட்டை சேர்ந்த பண்டம் அசைவம். உறையில் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். கடையில் எடை போட்டுக் கட்டித் தரும் பொட்டலத்தில் முக்கோணத்தை யார் தேடுவது? டப்பாவை நீட்டுகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லத் தோன்றுவதில்லை, ஏனென்றால் தூத்துக்குடிக்காரருக்கு அது முட்டைப் பண்டமாகவே மனதில் பதிவதில்லை. மக்ரூன் என்றால் மக்ரூன்.

வேடிக்கை என்னவென்றால், மலையில் காத்திருக்கும் லட்டிலும் அதே முந்திரி. 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டில் கடலை மாவு, நெய், சர்க்கரையோடு கடல் கடந்து வந்த முந்திரிக்கும் நிரந்தர இடம் உண்டு. தடை முட்டைக்கு மட்டும்தான்.

தரிசனம் முடித்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று டப்பாவை அடிவாரத்து விடுதியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூடி சரியாக இறுகவில்லையென்றால் பலன் இல்லை. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மொறுமொறுப்பு போய், மக்ரூன் விரலில் பிசுபிசுக்கும். விவரம் தெரிந்தவர்கள் சித்தூரிலேயே டப்பாவைக் காலி செய்துவிடுகிறார்கள்.