பிம்பமும் அமானிதமும்

உருவப்படம் குறித்த விவாதம் முஸ்லிம் சமுதாயத்துக்குப் புதியதன்று. ஒளிப்படக் கருவி பரவத் தொடங்கிய காலத்திலேயே, அது ஹதீஸ்களில் தடுக்கப்பட்ட உருவாக்கத்தைச் சாருமா என்ற வினா எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் என்பது புதியதோர் உருவைப் படைப்பதன்று, இருக்கும் பொருளின் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என வாதிட்டார். அதை ஏற்காத அறிஞர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். எனினும் இரு சாராரும் ஆராய்ந்தது, படம் எவ்வாறு உண்டாகிறது என்பதையே.

டிஜிட்டல் கருவியும் சமூக ஊடகமும் மற்றொரு வினாவை நம்முன் வைத்துள்ளன. முன்னர் ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். எனவே எடுப்பதற்குமுன் சிந்தித்தோம். கழுவி அச்சிட்ட படம் வீட்டு ஆல்பத்தில் உறங்கியது. உறவினர் மட்டுமே அதைக் கண்டனர். இன்றைய படமோ எண்களின் தொகுப்பு. எத்தனை முறை நகலெடுத்தாலும் தேயாது. அனுப்பியவரே அழித்தாலும் பிறரிடம் எஞ்சும். காண்போர் எதில் அதிக நேரம் தங்குகின்றனரோ, அதையே ஊடக நிறுவனங்களின் கணக்கீடு மேலும் பலருக்குக் காட்டுகிறது. நினைவுக்காகச் சேமித்த படம், காட்டுவதற்காகவே எடுக்கப்படும் படமாயிற்று.

இவ்வேறுபாட்டை உணரக் கோவையை அடுத்த மதுக்கரை தக்க சான்று. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே, மதுக்கரை வனச்சரகத்தை ஊடறுத்து இரு இருப்புப் பாதைகள் செல்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. அவற்றின் படங்கள் எங்கும் பரவின. பார்த்தவர் வருந்தினர், பகிர்ந்தனர், அடுத்த படத்துக்குச் சென்றனர். 2024 பிப்ரவரியில் அதே வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் செயல்படத் தொடங்கின. இருளிலும் உடல் வெப்பத்தைக் கொண்டு யானையை அவை இனங்காண்கின்றன. உடனே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை செல்கிறது. ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. இப்படங்கள் யாருடைய பாராட்டையும் வேண்டி எடுக்கப்படுபவை அல்ல. ஆயினும் ஓர் உயிரைக் காக்கின்றன.

இவ்வளவுகோலை நம் சமுதாய வாழ்விலும் பொருத்திப் பார்க்க வேண்டும். ரமளானில் உதவிப் பொருள் பெறும் ஏழையின் முகத்தைப் படமெடுத்துப் பரப்பும் வழக்கம் பெருகியுள்ளது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டவே என்பர். கணக்குக் காட்டப் பொருட்களின் படமும் பற்றுச்சீட்டும் போதும். கைநீட்டியவரின் முகம் தேவையில்லை. வெளிப்படையாக ஈவதை நன்றென ஏற்கும் திருக்குர்ஆன், வறியோர்க்கு மறைவாக ஈவதை அதனினும் சிறந்ததாகக் கற்பிக்கிறது. அப்படத்தை நாளை அந்த ஏழையின் மகன் காணலாம். அவன் பள்ளித் தோழரும் காணலாம்.

ஒருவரின் உருவம் நம் கைப்பேசியில் இருப்பதனாலேயே அது நம் உடைமையாகிவிடாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பகிர்வதற்குமுன், இதனால் பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என வினவிக்கொள்வதே அதன் உரிமையை நிறைவேற்றும் முதற்படியாகும்.