பட்டமளிப்புக்கு ஒரு தட்டு சர்க்கரை பிஸ்கட்

பட்டமளிப்பு விழாவுக்காகச் சுடும் சர்க்கரை பிஸ்கட்டில் ருசிக்கு முன்னால் வடிவம் நிற்கும்: சதுரத் தொப்பி, சுருட்டிய பட்டச் சான்று. மாவு உப்பினால் மூலை மழுங்கிவிடும் என்பதால் பேக்கிங் பவுடர் மிகக் குறைவாகவே சேர்ப்பார்கள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா கலந்து பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கால் அங்குல கனத்தில் தேய்த்து வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நிமிடம் சுட வேண்டும். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடலாம்.

மேல்பூச்சு, ஐசிங் சர்க்கரையோடு அடித்த முட்டை வெள்ளைக்கரு. ஓரக்கோட்டுக்குக் கெட்டியாக, உள்ளே நிரப்பச் சற்று இளக்கமாக. கரண்டியிலிருந்து விழும் இழை 15 விநாடிக்குள் மட்டமானால் பதம் சரி. தொப்பியின் மஞ்சள் குஞ்சத்தைக் கடைசியில்தான் வரைய வேண்டும். அடியிலுள்ள கறுப்புப் பூச்சு காயாவிட்டால் நிறம் கலங்கி அத்தனை உழைப்பும் வீணாகும்.

தென்கடலோரத்துக்கு இந்த வித்தை அந்நியமல்ல. தூத்துக்குடி மக்ரூனும் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரியில் பிறந்ததுதான். ஆனால் ஆர்.எஸ்.மங்கலம் போலக் கடற்காற்று எட்டும் ஊர்களில் சர்க்கரைப் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடும் விழாவென்றால், பச்சை வெள்ளைக்கருவை விட்டு, பதப்படுத்திய வெள்ளைக்கருப் பொடியான மெரிங் பவுடரையே பயன்படுத்துங்கள்.