சுவரில் பூசணம்: நஞ்சை அளக்க முடியுமா?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1993, 1994 ஆண்டுகளில் 10 கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஆய்வாளர்கள் அவர்களின் வீடுகளைச் சோதித்தார்கள். தண்ணீர் ஒழுகி ஊறிப்போன வீடுகள் அவை. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற, நஞ்சு சுரக்கக்கூடிய கரும்பூசணம் அங்கே கிடைத்தது. 1930களில் உக்ரைனில் பூசணம் பிடித்த தீவனம் தின்ற குதிரைகள் மடிந்தது முதலே கெட்ட பெயர் எடுத்தது அது. பழி அதன்மேல் விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் 2000-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வைத் திரும்பப் பார்த்து, மாதிரி எடுத்த விதத்திலும் கணக்குப் போட்ட விதத்திலும் குறைகள் இருப்பதால் பூசணத்துக்கும் ரத்தக் கசிவுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அறிவித்தது.

பூசணத்தையும் அதன் நஞ்சையும் அளப்பதில் அப்படி என்ன சிரமம்?

வழக்கமான சோதனையில் ஒரு சிறு பம்ப், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் சில நிமிடங்கள் அறைக் காற்றை உறிஞ்சும். காற்றில் மிதக்கும் பூசண வித்துகள் பசை தடவிய கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். இதில் தெரிவது வித்து மட்டுமே, நஞ்சு அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற இரண்டின் வித்துகளையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவதே கடினம். ஸ்டாக்கிபாட்ரிஸ் வித்துகளோ ஈரமாக இருக்கும்வரை கொழகொழவென்று ஒட்டிக்கிடக்கும், எளிதில் பறக்காது. சுவர் முழுக்கக் கறுத்திருந்தாலும் காற்றுச் சோதனையில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். தட்டில் வளர்த்துப் பார்க்கும் முறையிலும் ஓட்டை உண்டு. செத்த வித்து வளராது. ஆனால் நஞ்சு அதில் அப்படியே இருக்கும்.

நஞ்சையே நேரடியாகத் தேடவும் வழி இருக்கிறது. சுவரைச் சுரண்டிய தூளையோ வீட்டுத் தூசியையோ கரைப்பானில் ஊறவைத்து, நீர்ம நிறப்பகுப்பும் நிறைமாலைமானியும் இணைந்த கருவியில் செலுத்துகிறார்கள். சாட்ராடாக்சின் போன்ற நஞ்சு நானோகிராம் அளவில் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். மிக நுட்பமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? காற்றில் இவ்வளவு நஞ்சுக்கு மேல் ஆபத்து என்று அறிவியல் ஏற்ற வரம்பு எதுவும் இல்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த பூசணத்திலும் சில வகை நஞ்சைச் சுரக்கும், சில சுரக்காது. ஒரு மூலையில் எடுத்த மாதிரியும் அடுத்த மூலையில் எடுத்ததும் ஒத்துப்போகாது.

சிறுநீரில் பூசண நஞ்சு பார்க்கிறோம் என்று சொல்லி நோயாளிகளிடம் பணம் வாங்கும் சோதனைகளும் அமெரிக்காவில் உண்டு. நோயைக் கண்டறிய அவை தகுதி பெற்றவை அல்ல என்று 2015-ல் அதே நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. தானியம், காப்பி போன்ற உணவு வழியாகவும் பூசண நஞ்சு உடலுக்குள் போகிறது. சிறுநீரில் தென்பட்டது சுவரிலிருந்து வந்ததா, தட்டிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? உடம்பு முடியாமல் பதில் தேடி அலைபவர்களிடம் இப்படிப் பணம் பறிப்பது அநியாயம்.

நஞ்சை எண்ணாக்க முடியவில்லை என்பதால் ஓதம் பிடித்த வீடு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, இருமல், இழுப்பு ஆகியவை கூடுதலாக இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி பல ஆய்வுகளை அலசிச் சொல்கிறது. அதுவும் பாதுகாப்பான பூசண அளவு என்று ஓர் எண்ணைத் தரவில்லை. ஈரத்தைத் தடுக்கச் சொல்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும், பூசணம் கண்ணில் பட்டுவிட்டால் பெரும்பாலும் சோதனையே வேண்டாம் என்கிறது.

ஆகவே பூசண வாடை வந்தால் முதலில் ஈரம் வரும் வழியைத் தேடுங்கள்: குளியலறைக் குழாய், மாடித் தளத்து வெடிப்பு, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துங்கள். பூசணத்தின்மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். வாடகை வீடாக இருந்தால், ஒழுகலைச் சரிசெய்து தரும்படி வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். அதற்கு ஆய்வக அறிக்கை தேவையில்லை.