மூன்று நிமிடப் போர்: கைபேசி வியூக விளையாட்டுகளின் ஈர்ப்பு

ஆயர்கள் கூடும் இடங்களில் வாலிபரின் கைபேசி விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது: ஒன்று சோம்பல், மற்றொன்று வன்முறை. இவ்விரு சொற்களும் நோய்க்குத் தவறான பெயரிடுகின்றன என்பது என் கருத்து. சோம்பேறியான ஒருவன் நள்ளிரவு கடந்தும் கண்விழித்து, எட்டுச் சீட்டுகளை எவ்வாறு இணைத்தால் வெல்லலாம் என்று ஆராய்ந்துகொண்டிரான். வன்முறையோ, இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டுகளில், சிறுவர் சித்திரக்கதைகளில் காணப்படுவதைக் காட்டிலும் கொடியதன்று. ஈர்ப்பு வேறிடத்தில் உள்ளது. அவ்விடத்தை அறியாமல் நிகழ்த்தும் அருளுரையும் கூறும் ஆலோசனையும் கேட்பவனைத் தொடுவதில்லை.

பணம் பந்தயமாக வைத்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. அவற்றைத் தடைசெய்ய 2025ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நாம் கருதுவது, எவரும் இலவசமாக ஆடத்தக்க, சட்டம் தடுக்காத, பெற்றோரும் பெரிதாக எண்ணாத விரைவு வியூக விளையாட்டுகளையே. இவற்றுள் உலகெங்கும் நன்கறியப்பட்ட ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் 2010இல் தொடங்கப்பட்ட சூப்பர்செல் நிறுவனம், 2016 மார்ச்சில் வெளியிட்ட 'கிளாஷ் ராயல்' என்பதே அது.

ஆட்டத்தின் அமைப்பை ஆயர்கள் சற்றுப் பொறுமையுடன் அறிந்துகொள்ளல் வேண்டும். களத்தின் இருபுறமும் மும்மூன்று கோபுரங்கள் நிற்கும். ஆடுபவர் முன்னதாகவே எட்டுச் சீட்டுகளைத் தெரிந்துவைத்திருப்பார். அவற்றுள் நான்கே ஒரு நேரத்தில் கையிலிருக்கும். ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரனையோ, படையையோ, மந்திரத்தையோ களத்தில் இறக்கும். அதற்கு 'எலிக்சிர்' என்னும் நீர்மம் செலவாகும். அது ஏறத்தாழ 2.8 விநாடிக்கு ஒன்று வீதம் ஊறும். ஆனால் பத்துக்குமேல் சேராது. ஆகவே செலவிட அஞ்சிச் சேர்த்துவைப்பவனும் இழப்பான், ஊதாரியும் இழப்பான். எதிராளி ஐந்து செலவிட்டு இறக்கிய படையை நாம் மூன்றில் வீழ்த்தினால், மிச்சமான இரண்டே நம் அடுத்த தாக்குதலுக்கு முதலாகும். இவையனைத்தும் மூன்று நிமிடங்களுக்குள் நிகழவேண்டும். கடைசி நிமிடத்தில் எலிக்சிர் இருமடங்கு விரைவாக ஊறும். அப்போதும் சமநிலையெனில் கூடுதல் நேரம் உண்டு.

இதில் அறிவிற்கு வேலையில்லை என்று எவரும் சொல்ல இயலாது. கணக்கு, நினைவு, எதிராளியின் மனத்தை ஊகித்தல், தக்க காலத்துக்குக் காத்திருத்தல் ஆகிய யாவும் வேண்டும். இதைவிட முக்கியமானது, உழைப்பிற்கான தீர்ப்பு மூன்று நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. நம் வாலிபரின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்றபின் எழுதிய தேர்வின் முடிவுக்கு ஓராண்டு காத்திருக்கிறான். விண்ணப்பத்திற்கு மறுமொழியே வருவதில்லை. தான் செய்தது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. அத்தகையவனுக்கு, விதிகள் தெளிவாயும் முடிவு உடனடியாயும் அமைந்த ஓர் உலகம் இனிமையாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

இந்த இனிமைக்குள் ஒரு பொறியும் உண்டு. வெல்லுந்தோறும் கோப்பைப் புள்ளிகள் கூடும்; கூடியவுடன் அதே வலிமையுள்ள எதிராளி இணைக்கப்படுவான். எனவே ஒருவன் எவ்வளவு முன்னேறினும் அவன் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சரிபாதியாகவே நிற்க முனையும். வெற்றி எட்டாக்கனியாவதில்லை, எளிதாகிச் சலிப்பூட்டுவதுமில்லை. தோற்றவன் இழந்த புள்ளியை மீட்க இன்னுமோர் ஆட்டம் தொடங்குகிறான். வென்றவன் கை ராசியாயிருக்கிறதென்று இன்னுமோர் ஆட்டம் தொடங்குகிறான். தெருவில் ஆடும் கிரிக்கெட்டை இருட்டு நிறுத்திவிடும். இதை நிறுத்துவதற்கு இருட்டில்லை.

ஆட்டம் முடிந்தபின் நடப்பது இன்னும் நுட்பமானது. இவ்விளையாட்டு வெளிவந்த காலத்தில், வென்றவனுக்கு ஒரு பேழை கிடைத்தது. ஆனால் அதை உடனே திறக்க இயலாது. வெள்ளிப் பேழைக்கு மூன்று மணி நேரமும் பொற்பேழைக்கு எட்டு மணி நேரமும் காத்திருக்கவேண்டும். நான்கு பேழைகளுக்கே இடம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கும். காத்திருக்க மனமில்லாதவன் பணம் கொடுத்து விரைவுபடுத்தலாம். பேழைமுறை பிற்காலத்தில் பலவாறு மாற்றப்பட்டது எனினும், இதைப் பின்பற்றிய விளையாட்டுகள் பல. இதன் பொருள் யாதெனில், ஆட்டம் கைபேசியில் முடிந்தபின்னும் ஆடுபவனின் நாளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. காலை எழுந்ததும் ஒரு பேழை, மதிய உணவின்போது ஒன்று, உறங்குமுன் எட்டு மணிநேரப் பேழையைத் திறக்க வைத்தல் என்று நாளே அதைச் சுற்றி வகுக்கப்படுகிறது. நேரங்குறித்து ஜெபிக்கும் மடாலய ஒழுங்கைப் படித்திருக்கும் நம் மாணவர்க்கு இதன் வலிமையை விளக்கவேண்டியதில்லை.

இதற்கு உளவியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. பெர்லின் நகரில் குர்ட் லெவினிடம் பயின்ற மரியா ஒவ்சியாங்கினா, பாதியில் தடுக்கப்பட்ட வேலையை மக்கள் யாரும் கேளாமலே மீண்டும் எடுத்துச் செய்ய முற்படுகின்றனர் என்று 1928இல் எடுத்துக்காட்டினார். முடியாத வேலையே நன்றாக நினைவில் நிற்கும் என்று அவருடைய தோழி புளூமா ஸைகார்னிக் 1927இல் கூறியது பிற்காலச் சோதனைகளில் ஒரே சீராக உறுதிப்படவில்லை. ஒவ்சியாங்கினா கண்ட மீண்டெடுக்கும் உந்துதலோ அதைவிட உறுதியாக நிலைத்துள்ளது. பாதி திறந்த பேழை என்பது பாதியில் நிற்கும் வேலையே. இரண்டாவது, ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு. இத்தனை முறை கொத்தினால் ஒரு தானியம் என்று கணக்கு நிலையாயிருந்தால், புறா தானியம் பெற்றபின் சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்பது தெரியாதபோதோ, அது ஏறக்குறைய ஓயாமல் கொத்தும். பேழைக்குள் என்ன சீட்டு இருக்கும் என்பது ஆடுபவனுக்குத் தெரியாது.

இவ்வமைப்பு தற்செயலாய் உண்டானதன்று. இது ஒரு வாணிகம். 2016 ஜூனில் சீனாவின் டென்சென்ட் தலைமையிலான குழு, சூப்பர்செல்லின் ஏறத்தாழ 84 விழுக்காடு பங்குகளை 860 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது. இலவசமாகத் தரப்படும் பண்டங்களை ஆக்கும் நிறுவனத்தின் விலை இது. ஆடுவோருள் பெரும்பாலோர் ஒரு காசும் செலவிடுவதில்லை. மிகுதியாகச் செலவிடும் சிறு கூட்டத்தாரைத் தொழில்துறையினர் 'திமிங்கிலங்கள்' என்கின்றனர். மனிதரை அவ்வாறு அழைக்கும் வழக்கத்தைப் பற்றி நான் மேலும் எழுத விரும்பவில்லை.

இவற்றை ஏட்டில் படித்தால் போதாது என்றெண்ணி, இவ்வகையைச் சார்ந்த வேறொரு விளையாட்டை ஒரு மாணவரிடம் கேட்டுக் கற்றேன். மூன்று வாரங்கள் ஆடினேன். இரண்டாம் வாரத்தில் சபை நிர்வாகக் குழுவில் கட்டிட நிதியைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில், பேழை திறக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று என் மனம் கணக்கிடுவதைக் கண்டு வெட்கினேன். ஐம்பது வயது கடந்தவன், இதன் இயந்திரத்தை அறிந்தே உள்ளே போனவன், எனக்கே இப்படி. அறிந்திருத்தல் ஒரு காவலன்று.

இதனை அகுஸ்தீன் நன்கறிந்திருந்தார். தம் 'அறிக்கைகள்' என்னும் நூலின் ஆறாம் புத்தகத்தில் நண்பர் அலிப்பியுவின் வரலாற்றைக் கூறுகிறார். ரோமாபுரியில் சட்டம் பயின்ற அலிப்பியு வாள்வீரர் காட்சியை வெறுத்தவர். தோழர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றபோது, உடலைத்தான் இழுக்கலாம், மனத்தை இழுக்க முடியாது என்ற துணிவில் கண்களை மூடி அமர்ந்தார். காதுகளை மூட மறந்தார். கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார். அதன்பின் தாமே பிறரை அழைத்துக்கொண்டு அங்குச் செல்பவரானார். பிற்காலத்தில் தகாஸ்தே நகரின் ஆயரானவர் இவரே. இக்கதையில் நாம் பெரும்பாலும் கண்களையே கவனிக்கிறோம். என் கவனத்தை ஈர்ப்பது தோழர்களும் கூட்டமுமே. அவர் தனியே அங்குப் போகவில்லை.

விளையாட்டின் மிக வலிய கயிறும் இதுவே. கிளாஷ் ராயலில் 'கிளான்' எனப்படும் குலங்கள் உண்டு. ஒன்றில் ஐம்பது பேர் வரை சேரலாம். ஒருவர் கேட்கும் சீட்டை மற்றவர் கொடுப்பர். 2018 முதல் குலங்களுக்கிடையே போரும் உண்டு. ஒருவன் தன் பங்கை ஆடாமற்போனால் குலம் தோற்கும். அவன் வராதது அனைவர்க்கும் தெரியும். ஆகவே கைபேசியைக் கீழே வை என்று பெற்றோர் கூறும்போது, மகன் காதில் விழுவது உன் தோழரைக் கைவிடு என்பதாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 'விளையாட்டுக் கோளாறு' ஒன்றைச் சேர்த்துள்ளது. அப்பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கு மேலாக அதை வைத்தல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு மாத காலம், வாழ்வைக் கெடுக்குமளவில் காணப்படவேண்டும். ஆடுவோருள் சிறு பகுதியினரே இவ்வரையறைக்குள் வருவர். அவர்களை மருத்துவரிடம் அனுப்புவது ஆயரின் கடமை. ஏனையோரை 'அடிமை' என்று மேடையிலிருந்து அழைப்பது உண்மையுமன்று, உதவியுமன்று.

எனக்கு ஆட்டம் கற்பித்த அம்மாணவரிடம் மூன்றாம் வார முடிவில், "தம்பி, இதை விடுவதில் எது கடினம்?" என்று கேட்டேன். சீட்டுகளையோ கோப்பையையோ சொல்வார் என்றெண்ணினேன். அவர் கைபேசியைத் திறந்து ஒரு செய்தியைக் காட்டினார். சென்ற ஆண்டு தம் தகப்பனார் மருத்துவமனையில் இருந்தபோது அவர் நான்கு நாட்கள் ஆடவில்லை. ஐந்தாம் நாள், முகமறியாத குலத்தலைவன் ஒருவன் பிழையான ஆங்கிலத்தில், நலமா, வீட்டில் ஏதேனும் துன்பமா என்று கேட்டிருந்தான். "ஐயா, அந்த மாதத்தில் நான் இரண்டு ஞாயிறு ஆலயத்திற்கும் போகவில்லை" என்று மட்டும் சொன்னார். நான் அவருடைய சபை ஆயர் யார் என்று கேட்கவில்லை. அவர் ஊர் மாணவர்களின் பட்டியல் என் மேசையில் இருந்தது, அவ்வாரங்களில் நானும் அவரைத் தேடவில்லை.